187 பேர் பார்த்தார்கள்

பெரியப்பா இறந்துபோன செய்தி எனக்கு ஒரு பிரியாணிக்கும் ஒரு புது பைக்குக்கும் நடுவில் வந்தது.

கோயம்புத்தூரில் காலை ஏழரை மணிக்கு பஸ்ஸுக்காக நின்றுகொண்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் நண்பர் ஒருவர் முந்தின நாள் ராத்திரி சாப்பிட்ட பிரியாணி. அடுத்தது பெரியப்பா. ரேஷன் கார்டுக்கோ எதற்கோ எடுத்த படத்தைப் பெரிதாக்கி, சுற்றிலும் மாலை போல ஒரு சட்டம் போட்டு, கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். இரண்டாவது தேதி அன்றைய தேதி. அது மனசில் ஏறுவதற்குள் படம் தானாக நகர்ந்துவிட்டது. மாலை போட்ட பைக்குக்குப் பக்கத்தில் ஒரு பையன் சிரித்துக்கொண்டு நின்றான்.

விரலால் பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்த்தேன். பெரியப்பா மகன், அண்ணன்தான் போட்டிருந்தார். கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

ஒரு போன் பண்ணியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அழுதுகொண்டிருக்கிற வீட்டில் போனை யார் எடுப்பார்கள் என்று நினைத்தேன். மதியமே எடுத்துவிடுவார்கள், இங்கிருந்து போய்ச் சேர ஆறேழு மணி நேரம் ஆகும், முகம் பார்க்க முடியாது என்றும் கணக்குப் போட்டேன். எதுவும் பொய்யில்லை. ஆனால் உள்ளுக்குள் இன்னொன்றும் இருந்தது. செய்தி வந்தது, பதில் போனது, ஏதோ ஒரு வேலை முடிந்துவிட்ட மாதிரி ஒரு உணர்வு. அதைத்தான் இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

*

ஐந்தாம் நாள்தான் ஊருக்குப் போனேன். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிற ஊர். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போவதை ‘கேதம் கேட்கப் போவது’ என்பார்கள். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் போனால் ‘துட்டி கேட்பது’. பொதுவாக எழுதும்போது ‘துக்கம் விசாரிப்பது’. பெயர் எதுவானாலும் செய்கிற வேலை கேட்பதுதான். சின்ன வயதில் எனக்கு இது விநோதமாக இருக்கும். ஆள் செத்தது ஊருக்கே தெரியும், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஆனால் கேட்பார்கள். ஆண்கள் கையைத் தொட்டுவிட்டு, பந்தலுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். அப்புறம் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எப்படி ஆச்சு?” என்பார். வீட்டுக்காரர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டாரு, ரெண்டு தோசை, கூட ஒண்ணு வைக்கட்டுமான்னு கேட்டேன், போதும்னுட்டாரு... அரை மணி நேரம் கழித்து அடுத்த கூட்டம் வரும். அவர்களும் “எப்படி ஆச்சு?” என்பார்கள். மறுபடியும் ரெண்டு தோசை. ஒரு வாரத்தில் ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார். சொல்லச் சொல்ல, உடைந்து கிடந்ததெல்லாம் ஒரு கதையாகக் கூடிவரும். முதல் நாள் சொல்ல முடியாமல் நின்ற இடத்தைப் பதினாறாம் நாள் மூச்சுவிடாமல் கடந்துவிடுவார். கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’ என்று யாரும் சொல்லக் கூடாது. எழுந்து பேசாமல் நடையைக் கட்ட வேண்டும். சொல்லக் கூடாத சொல்லுக்கு இவ்வளவு கவனமாக இருக்கிற சடங்கில், கேட்க வேண்டிய கேள்வி மட்டும் ஒன்றே ஒன்று.

பெரியம்மா என்னைப் பார்த்ததும் “வாய்யா” என்றார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பொம்மை அனுப்பியவனுக்குப் பேச வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார்.

“நூத்தி எம்பத்தேழு பேரு பாத்துட்டாகளாம்யா. ஒங்கண்ணன் சொன்னான்.”

எனக்கு முதலில் பிடிபடவில்லை. ஸ்டேட்டஸைச் சொல்கிறார். அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, அப்பாவை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் பாருங்கள் என்று, அந்தக் கண் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைக் காட்டியிருக்கிறார் அண்ணன்.

“பாத்துட்டு என்னய்யா செஞ்சாக?”

ஊர்க்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அதில் குறையில்லை. வெளியூர்ச் சொந்தங்களில் பாதிக்கு மேல் வரவில்லை, போனும் பண்ணவில்லை. அந்த 187-இல் நானும் ஒரு ஆள் என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ.

“பெரியப்பாவுக்கு எப்படி ஆச்சு பெரியம்மா?” என்றேன்.

சொன்னார். விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து, மேற்கே மின்னுகிறதா என்று பார்க்கப் பெரியப்பா வாசலுக்குப் போனாராம். விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து வெந்நீர் கேட்டிருக்கிறார். சொம்போடு இவர் வருவதற்குள் சாய்ந்துவிட்டார். அந்த வெந்நீரை என்ன செய்தோம் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை என்று பெரியம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் கதை எங்கெங்கோ போனது. கல்யாணமான புதிதில் பெரியப்பா எட்டயபுரம் சந்தையில் கன்றுக்குட்டி வாங்கப் போய்க் குடை வாங்கிக்கொண்டு வந்த கதை எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு மணி நேரம் பேசினார். நடுவில் இரண்டு தடவை சிரித்தார்.

ஸ்டேட்டஸில் இவ்வளவும் எழுத இடமில்லை என்பதற்காகச் சொல்லவில்லை. யாராவது எழுதித்தான் போடட்டுமே, அப்போதும் பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்திருக்காது. எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து கேட்டதால் வந்த சிரிப்பு அது.

*

சமூக ஊடகத்தைத் திட்டுகிறவர்கள் வழக்கமாக வைக்கும் குற்றச்சாட்டு வேறு. காலையில் தின்ற இட்லியைக்கூட ஊருக்குச் சொல்கிறார்கள், அற்பத்தை எல்லாம் பேசிப் பேசிப் பேச்சே மலிந்துபோய்விட்டது என்பார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. அற்பத்தைப் பேசித்தான் மனிதர்கள் இதுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். நியூ கினிக்குப் பக்கத்தில் டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர், 1923-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இந்த மாதிரிப் பேச்சுக்கு ஒரு பெயரே வைத்தார். தகவல் எதுவும் கைமாறாமல், உறவைப் புதுப்பித்துக்கொள்வதற்காக மட்டுமே பேசுவது. பாவம், அவர் அவ்வளவு தூரம் கப்பலேறிப் போயிருக்க வேண்டாம். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றிருந்தால் போதும். “சாப்பிட்டாச்சா?” “ஊர்ல மழை உண்டா?” கேட்கிறவருக்கு இட்லியைப் பற்றியும் அக்கறையில்லை, மழைமானியின் அளவும் வேண்டாம்.

தொண்ணூறுகளில் நான் மதுரையில் விடுதியில் இருந்தபோது அப்பா எழுதிய இன்லேண்ட் லெட்டர்களை எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே கடிதம் மாதிரி இருக்கும். ‘நலம், நலமறிய ஆவல். இங்கு மழை இல்லை. அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பெரியப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். மற்றவை உன் பதில் கண்டு.’ தேதியை மறைத்துவிட்டால் எது எந்த மாதத்துக் கடிதம் என்று அப்பாவாலேயே சொல்ல முடியாது. தந்தி ஆபீஸில் இன்னும் மோசம். வாழ்த்துத் தந்திக்கு ஆயத்த வாக்கியங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். தீபாவளிக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, பரீட்சையில் தேறினால் ஒன்று. எண்ணைச் சொன்னால் போதும், அந்தப் பக்கம் முழு வாழ்த்தாகப் போய்ச் சேரும். 2013 ஜூலையில் தந்திச் சேவையையே மூடினார்கள். ஃபார்வர்டு மெசேஜைக் கேலி செய்கிறவர்கள், நம் தாத்தாக்கள் நம்பர் போட்டு வாழ்த்தியதை மறந்துவிடுகிறார்கள்.

ஆக, பழையது ஆழம், புதியது ஆழமில்லை என்று சொல்ல நான் வரவில்லை. அப்பாவின் கடிதத்தில் நான் கவனிப்பது அந்த முதல் வரியை. ‘நலம்’ என்பது அவர் சொன்ன செய்தி. ‘நலமறிய ஆவல்’ என்பது அவர் கேட்ட கேள்வி. ஒன்றை எழுதினால் மற்றதை எழுதாமல் விட முடியாது, கை தானாக எழுதிவிடும். ஸ்டேட்டஸ் என்பது முதல் சொல்லோடு நின்றுபோன கடிதம். நலம், நலம், நலம். சில சமயம் நலமில்லை. அவ்வளவுதான்.

அதே கடிதத்தில் பெரியப்பா வருகிற வரியையும் பாருங்கள். ‘விசாரித்ததாகச் சொல்.’ அதில் செய்தி என்று ஒரு மண்ணும் இல்லை. நான் கேட்டேன் என்பதைச் சொல், அதுவே போதும். கேள்வியைக்கூட முழுசாகக் கேட்காமல், கேட்டேன் என்ற தகவலை மட்டும் நூறு கிலோமீட்டர் தூரம் அனுப்பிக்கொண்டிருந்தோம். இதற்கு ஈடான பொத்தான் எந்தச் செயலியிலும் எனக்குத் தென்படவில்லை.

*

கேள்வி எங்கே போனது என்று யோசித்தால், அதை இயந்திரம் எடுத்துக்கொண்டது என்றுதான் தோன்றுகிறது. டிவிட்டர் 2006-இல் தொடங்கியபோது எழுதும் பெட்டியில், என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று அதுவே கேட்டது. 2009 நவம்பரில், என்ன நடக்கிறது என்று கேள்வியை மாற்றிக்கொண்டது. ஃபேஸ்புக் உள்ளே நுழைந்ததும், மனசில் என்ன என்று கேட்கிறது. கொழுந்தியாளும் மச்சினனும் கேட்க வேண்டிய கேள்விகள். அவர்கள் கேட்கவில்லை, பெட்டி கேட்கிறது. நாம் பெட்டிக்குப் பதில் சொல்கிறோம், சொந்தக்காரர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொள்கிறார்கள்.

வாட்ஸ்அப் கதை இன்னும் வேடிக்கை. 2009-இல் ஜான் கூம் அதை ஆரம்பித்தபோது அது அரட்டைச் செயலியே இல்லை. போன்புத்தகத்தில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர் இப்போது என்ன நிலையில் இருக்கிறார் என்று காட்டுவது மட்டுமே நோக்கம். பேட்டரி இறங்கிவிட்டது, ஜிம்மில் இருக்கிறேன், இப்போது பேச முடியாது, இப்படி. அந்த வருடம் ஆப்பிள், செயலிகள் தாமாக அறிவிப்பு அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தது. ஒருவர் ஸ்டேட்டஸை மாற்றினால் நண்பர்கள் போனில் மணி அடித்தது. அவர்கள் சும்மா இருப்பார்களா? தங்கள் ஸ்டேட்டஸை மாற்றிப் பதில் சொன்னார்கள், கிண்டலடித்தார்கள், திருப்பிக் கேட்டார்கள். அதைப் பார்த்துத்தான் கூம் அதைப் பேசுகிற செயலியாக மாற்றினார். நிலையைப் பறைசாற்ற ஒரு பலகை கொடுத்தால், மனிதர்கள் அதையும் உரையாடலாக மாற்றிவிட்டார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். அப்புறம் 2017 பிப்ரவரியில், 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் படமும் வீடியோவுமாக, ஸ்டேட்டஸ் திரும்பி வந்தது. இந்த முறை யாரும் மணி அடித்துக் கூப்பிடுவதில்லை. வரிசையாக ஓடுகிறது, பார்த்துக்கொண்டே போகிறோம்.

பார்த்தாலே பதில் சொன்னதாக ஆகிவிட்டதுதான் சிக்கல். போன வருடம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய்வந்தேன். தனுஷ்கோடியில் காற்று மணலை வாரி அடித்து, என் சின்ன மகள் மூக்குக் கண்ணாடியைப் பறிகொடுத்த கதை ஒன்று கைவசம் இருந்தது. நண்பன் ஒருவனை ஒரு கல்யாணத்தில் பார்த்ததும் “போன வாரம் ராமேஸ்வரம்...” என்று ஆரம்பித்தேன். “ஸ்டேட்டஸ்ல பாத்தேனே” என்றான். முடிந்தது. பந்தியில் பாயசம் வரும்வரை இரண்டு பேரும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன்மேல் தப்பில்லை. போட்டது நான்தானே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு நண்பருக்கு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. பின்னால் பார்த்தபோது முகம் கொடுத்துப் பேசவில்லை. சொல்லவே இல்லையே என்றேன். “ஸ்டேட்டஸ் போட்டிருந்தேனே” என்றார், கோபமாக. அந்த இரண்டு நாள் நான் அதைத் திறக்கவில்லை. சொல்லாதது அவர் தப்பு என்று நான் நினைக்கிறேன், பார்க்காதது என் தப்பு என்று அவர் நினைக்கிறார். கல்யாணப் பத்திரிகையின் படத்தை அனுப்பிவிட்டு, இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கருதவும் என்று எழுதுகிறார்கள் இல்லையா, அதே வழக்குதான். ஒரு சின்ன திருத்தம்: அந்தப் பத்திரிகையாவது என் பெயருக்கு வருகிறது.

*

இதைப் படிக்கிற சிலர், அந்தக் காலத்தில் எல்லாம் நேரில் வந்து சொன்னார்கள் என்று பெருமூச்சு விடலாம். எங்கள் ஊரில் நேரில் வந்து சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். ஊரில் சாவு விழுந்தால் சேதி சொல்ல அனுப்பப்பட்டவர்கள் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள். அகால நேரத்திலும் ஊர் ஊராக நடந்துபோய், வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். மாட்டேன் என்று சொல்ல முடியாது. போனும் வாட்ஸ்அப்பும் அந்த வேலையை ஒழித்ததில் பங்கெடுத்தன என்றால், ஸ்டேட்டஸின் ஆயிரம் குறைகளையும் நான் பொறுத்துக்கொள்வேன்.

இன்னொன்று, ஊருக்குப் பொதுவாக அறிவிப்பதும் நமக்குப் புதிதில்லை. ஃபேஸ்புக் ‘சுவர்’ என்று பெயர் வைப்பதற்கு முன்னாலேயே நாம் நிஜச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியவர்கள். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் தெருமுனையில் ஃபிளக்ஸ் வைத்து, மாப்பிள்ளையின் நண்பர்கள் இருபது பேர் படத்தையும் வரிசையாகப் போட்டவர்கள். ஆனால் போஸ்டரைப் பார்த்தவர் “பாத்துட்டேன்” என்று வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு கிளம்பினார்.

சரி, ஸ்டேட்டஸ்களில் எனக்கு உயிருள்ளதாகத் தெரிகிற இரண்டு வகையையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, சாடை. மாமியார் பூனையைத் திட்டினால் அது மருமகளுக்கு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ‘சில உறவுகள் கண்ணாடி மாதிரி’ என்று ரோஜாப்பூ படத்தோடு ஒரு வரி வந்தால் அது பூனை. இருநூறு பேர் பார்த்தாலும் அது ஒருவருக்குத்தான். ஷார்ஜாவில் கட்டட வேலையில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ராத்திரி எந்தப் பாட்டை வைக்கிறாரோ, அதை வைத்து அவர் மனநிலையைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவர் மனைவி சொல்வார். சோகப் பாட்டென்றால் மேஸ்திரியோடு சண்டை. உடனே போன் போகும். இந்தப் பாட்டுக்கு முகவரி இருக்கிறது, அதனால் இதற்கு அர்த்தமும் இருக்கிறது.

இரண்டாவது, என் அத்தை. தனியாக இருக்கிறார். தினமும் காலை ஆறு மணிக்கு முன்னால் செம்பருத்தியோ பிள்ளையாரோ போட்ட ஒரு காலை வணக்கப் படம் எனக்கு வந்துவிடும். இந்தியர்களின் போன்கள் ஏன் இப்படி இடமில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கின்றன என்று ஆராய்ந்த கூகுள்காரர்கள், காலை வணக்கப் படங்கள்தான் காரணம் என்று கண்டுபிடித்ததாக 2018-இல் செய்தி வந்தது. அப்போது நானும் சிரித்தேன். பிறகு ஒரு நாள் காலை படம் வரவில்லை. ஏழு மணிக்கு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூப்பிட்டேன். குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் இருந்து, அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண் வந்து தூக்கியிருக்கிறாள். “படம் வரலைன்னு கூப்பிட்டியா?” என்று வலியிலும் அத்தைக்கு ஒரே சந்தோஷம். அன்றையிலிருந்து அந்தப் பிள்ளையார்களை நான் அழிப்பதில்லை. போன் முட்டிக்கொண்டுதான் நிற்கிறது.

*

கேதம் கேட்டுவிட்டு வந்த மறு மாதம், அண்ணனின் தங்கை, எனக்கு அக்கா, ஒரு ஸ்டேட்டஸ் போட்டிருந்தார். தூத்துக்குடியில் அவர் வீட்டு வாசலில் ஒரு கன்றுக்குட்டி. வேறு ஒன்றும் எழுதவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றுதான் பார்த்தேன். கட்டை விரல் பொம்மையைத் தேடிப் போனது. நிறுத்திக்கொண்டு, போன் பண்ணினேன்.

“என்னக்கா, என்ன விசேஷம்?”

“ஸ்டேட்டஸ் பாக்கலையா?”

“இல்லையே. என்ன போட்டிருக்கீங்க?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. போனில் எதையோ தட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

“ஏலே, பொய் சொல்லாத. பாத்தவங்க லிஸ்ட்ல ஒம் பேரு மொதல்ல நிக்குது.”

“சரி, பாத்தேன். இருந்தாலும் சொல்லுங்க. யாரு வீட்டுக் கன்னுக்குட்டி அது?”

“அதுவா,” என்று அக்கா ஆரம்பித்தார். “அப்பா ஒரு தடவ எட்டயபுரம் சந்தைக்குப் போனாகல்ல...”

பஸ் வந்தது. அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன்.